நரம்பணுவை வரைந்தவர்

ஸ்பெயின் நாட்டின் பெட்டிலா என்னும் மலைச்சிற்றூரில் 1852ஆம் ஆண்டு பிறந்தவர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். ஓவியமே உயிரெனத் திரிந்த மகனைத் திருத்த எண்ணிய மருத்துவத் தந்தை, அவரை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். ஆம்பூர்த் தொழிலாளர் நன்கறிந்த தோலும் ஊசியும் கஹாலின் கைகளுக்கும் பழகின. பின்னர்த் தந்தையே எலும்புகளைக் காட்டி உடற்கூற்றியல் கற்பித்தார். அவற்றை விருப்புடன் வரைந்த மகன், 1873இல் மருத்துவரானார்.

அதே ஆண்டில் இத்தாலியரான காமில்லோ கோல்கி, மூளைத்திசுவுக்கு நிறமேற்றும் புதுமுறையை வெளியிட்டார். திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், சில நரம்பணுக்கள் மட்டும் மஞ்சள் பின்னணியில் கருமையாக, முழுவடிவில் தோன்றும். வேலூர் வட்டாரத்தில் தோல் பதனிடும் உப்புகளைப் போல டைகுரோமேட்டும் குரோமியச் சேர்மமே.

1887இல் இம்முறையைக் கண்டு வியந்த கஹால், அதன் குறைகளைக் களைந்தார். நிறமேற்றலை இருமுறை செய்தார். வளர்ந்த மூளையில் நரம்பிழைகளை மூடிய கொழுப்புறை நிறமேற்றலுக்குத் தடையாதலின், கருவிலும் இளம்பருவத்திலும் உள்ள உயிர்களின் திசுவை ஆராய்ந்தார். நரம்பு மண்டலம் இடையறாத வலையன்று, தனித்தனி அணுக்களால் ஆனது எனக் கண்டார். 1889இல் பெர்லின் மாநாட்டுக்குத் தம் நுண்ணோக்கிச் சில்லுகளைக் கொண்டு சென்று, முதுபேரறிஞர் கோலிக்கரை ஏற்கச் செய்தார். 1906இல் நோபல் பரிசைக் கோல்கியுடன் பகிர்ந்துகொண்டார். கோல்கியோ அம்மேடையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துரைத்தார்.

முதிர்ந்த மூளையில் நரம்புகள் மீண்டும் தழைப்பதில்லை என்று கருதிய கஹால், அந்நிலையை மாற்றும் பணியை வருங்கால அறிவியலுக்கு விட்டு 1934இல் மறைந்தார். 1962இல் ஜோசப் ஆல்ட்மன், கதிரியக்கத் தைமிடினால் குறியிட்டு, வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதற்குச் சான்று காட்டினார். இன்று, வளரும் நரம்பணுவிலுள்ள டபுள்கார்ட்டின் என்னும் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு நிறமேற்றி அத்தகைய அணுக்களைத் தேடுகின்றனர். மனித மூளையில் அவை எவ்வளவு தோன்றுகின்றன என்பது குறித்து அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

கஹாலின் வழிவந்த ரியோ ஒர்த்தேகாவிடம் வெள்ளி நிறமேற்றலைப் பயின்றவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். ஸ்பெயினில் ஒருவர் ஏற்றிய அறிவுச்சுடர், கணியம்பாடி மக்கள் நோய் தீர நாடும் மருத்துவமனைவரை ஒளி தந்தது.