வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், வழக்கறிஞரும், தொழிற்சங்க முன்னோடியும் ஆவார். கரிசல் நிலப்பகுதியைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். முதலீட்டாளர்களையும் தொழிலாளர்களையும் அவரவர் நிலைக்கேற்ற முறையில் வழிநடத்தியவர்.

கப்பல் நிறுவனம்

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனமான 10 இலட்சம் ரூபாய், தலா 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. வணிகர்களை நேரில் சந்தித்து, இணங்கவைத்துப் பங்கு சேர்ப்பதே இங்கு அவரது முதன்மைப் பணியாக இருந்தது. 1907 இல் காலியா, லாவோ ஆகிய கப்பல்கள் வாங்கப்பட்டன. போட்டியாளரான ஆங்கிலேய நிறுவனம் பயணக் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது.

ஆலை வேலைநிறுத்தம்

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். பங்குதாரர்களிடம் பேசிய முறை இங்கு உதவாது. சுப்பிரமணிய சிவாவுடன் கூட்டங்களில் பேசித் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார். அவர்களுக்காக நிதியும் சேர்த்தார். ஊதிய உயர்வு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றுக்கு நிர்வாகம் இணங்கியது.

சிறையும் பிற்காலமும்

1908 மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். அவர் சிறையிலிருந்தபோதே, 1911 இல் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பலரது முதலீட்டில் உருவாகியும் அது அவர் ஒருவரின் உழைப்பையே பெரிதும் சார்ந்திருந்தது. 1912 டிசம்பரில் விடுதலையான பின் சென்னையில் தொழிற்சங்கப் பணிகளில் ஈடுபட்டார். தண்டனையால் இழந்த வழக்கறிஞர் உரிமத்தை நீதிபதி வாலஸ் உதவியால் மீண்டும் பெற்றார். நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பின்னர்க் கோவில்பட்டியில் வழக்கறிஞராகப் பணியாற்றி, இறுதியில் தூத்துக்குடியில் காலமானார்.