சர்வர் நின்றாலும் உங்க பணம் தொலையாதது ஏன்? யார் இந்த ஜிம் கிரே?

கந்தூரி நேரம். நாகூர்ல கால் வைக்க இடமில்லை. கடையில போன்ல பணம் அனுப்பினா, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. சர்வர் டவுன்! பணம் போச்சா, இருக்கா? இந்தப் பதற்றத்துக்குப் பதில் தேடியே வாழ்நாளைச் செலவிட்டவர், அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே.

சர்வர் ஏன் சாகுது?

தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ், அவசரத்துக்குத் தேவையானதை மெமரியில் வைத்துக்கொள்ளும். கூட்டம் கூடினால் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் மெமரி கேட்கும். மொத்தமும் தீர்ந்துபோனால், லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்திவிடும். அதிக மெமரி பிடித்திருப்பது டேட்டாபேஸ் என்பதால், பெரும்பாலும் பலியாவதும் அதுதான்.

யார் இவர்?

1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1969-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1970-களில் ஐபிஎம்மில், 'பரிவர்த்தனை' என்ற கருத்துக்கு உருவம் கொடுத்தார். ஒரு வேலை முழுசா நடக்கணும். இல்லன்னா நடக்கவே நடக்காத மாதிரி ஆகணும். அதற்காக ஒவ்வொரு மாற்றமும் முதலில் டிஸ்கில் உள்ள குறிப்பேட்டில் பதிவாகும். மெமரி அழிந்தாலும், அந்தக் குறிப்பேட்டை வைத்து கணக்கை மீட்டுவிடலாம்.

சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், ஐபிஎம் சகாக்களுடன் 1992-ல் வெளியிட்ட 'ஏரிஸ்' மீட்பு முறையும் இதே வழியில் வந்ததுதான்.

5 நிமிட விதி

தர்கா வாசல் கடைக்காரர் அடிக்கடி விற்கும் பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பார். மற்றது குடோனில் இருக்கும். 1987-ல் கிரேயும் பிராங்கோ புட்சோலுவும் இதற்கே கணக்குப் போட்டார்கள். 5 நிமிடத்துக்குள் மறுபடி தேவைப்படும் தகவல் மெமரியில் இருக்கட்டும். மற்றது டிஸ்குக்குப் போகட்டும். அன்றைய விலையில் அதுதான் லாபம். எல்லாத்தையும் மெமரியிலேயே அடைக்க வேண்டியதில்லை.

தப்பு மெஷின் மேலயா?

டாண்டம் நிறுவனத்தில் இருந்தபோது, 1985-ல் கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஆராய்ந்தார். அவர் பார்த்த கோளாறுகளில் 42% நிர்வாகத்தால் வந்தவை. ஹார்டுவேர் கோளாறு 18% மட்டுமே.

மெமரி விஷயமும் அப்படித்தான். டேட்டாபேஸுக்கு எவ்வளவு மெமரி, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று முன்கூட்டியே வரம்பு வைக்கணும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொஞ்சம் மிச்சம் விடணும். மெமரி நிரம்பும் முன்பே எச்சரிக்கை மணி அடிக்கணும். இதெல்லாம் மனுஷங்க செய்ய வேண்டிய வேலை.

கடலில் மறைந்தவர்

1998-ல் டூரிங் விருது பெற்றார். 2007 ஜனவரி 28-ல், தாயின் அஸ்தியைக் கரைக்க ஃபாரலான் தீவுகளை நோக்கித் தனியாகப் பாய்மரப் படகில் போனார். திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களில் தேடியும் படகு கிடைக்கவில்லை. 2012-ல் நீதிமன்றம் அவர் இறந்ததாக அறிவித்தது. கடலுக்குப் போனவருக்காகக் கரையில் காத்திருக்கும் வலி நாகூருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த முறை சர்வர் டவுன்னு வந்தா, உடனே மறுபடி பணம் அனுப்பாதீங்க. முதல்ல கணக்கைப் பாருங்க. பாதியில் நின்ற வேலையைச் சரிபார்க்க, எங்கோ ஒரு குறிப்பேடு இருக்கும்.