விளக்கேந்திய தாதி அமைத்த சலவைக்கூடம்

ஆண்டுதோறும் மே 12ஆம் தேதி அனைத்துலகத் தாதியர் தினம் கொண்டாடப்படுகிறது. அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். இரவில் கையில் விளக்குடன் நோயாளிகளிடையே நடந்த பெண்மணியாகவே பலரும் அவரை அறிவர். சலவை, சமையல், கிடங்கு, கணக்கு என்று பகலில் அவர் பார்த்த வேலைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1820இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு அந்நகரின் பெயரே சூட்டப்பட்டது. தாதித் தொழிலுக்கு மதிப்பில்லாத காலம் அது. வீட்டார் எதிர்த்தனர். பல ஆண்டுப் பிடிவாதத்திற்குப் பின் 1851இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையில் கவனிப்பாரற்றுக் கிடந்தனர். போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் அழைப்பை ஏற்று, 38 பெண்களுடன் 1854 நவம்பரில் நைட்டிங்கேல் அங்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பொருள் பற்றாக்குறை மட்டுமே சிக்கலாக இருக்கவில்லை. சிகிச்சை, கொள்முதல், கிடங்கு என ஒவ்வொன்றும் தனித்தனி அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. ஒருவர் கையொப்பமிடாமல் மற்றவர் அசைய மாட்டார். வந்து இறங்கிய சட்டைகள்கூட, அதிகாரிகள் குழு கூடிப் பார்வையிடும்வரை கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்தன. குளிரில் நடுங்கிய வீரனுக்குக் கிடங்கில் சட்டை இருந்தும் பயனில்லை.

நைட்டிங்கேல் முதலில் துணி வெளுக்க வழி செய்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொதிகலன்களைப் பொருத்தி, வீரர்களின் மனைவியரைச் சம்பளத்திற்கு அமர்த்தினார். நோயாளிகளுக்கெனத் தனிச் சமையலறைகளைத் திறந்தார். துண்டு, சவர்க்காரம், தரை தேய்க்கும் தூரிகை ஆகியவற்றை நன்கொடைப் பணத்தில் வாங்கி, தம் பொறுப்பிலேயே கணக்கு வைத்துக் கொடுத்தார்.

இருந்தும் மரணங்கள் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் 100 நோயாளிகளில் 42 பேர் இறந்தனர். மார்ச் மாதம் வந்த சுகாதார ஆணையம் கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்தது. காற்றோட்டமும் சீரானது. ஜூன் மாதத்திற்குள் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து நாடு திரும்பியபின், புள்ளிவிவர வல்லுநர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தால் இறந்தோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே அதிகம் எனத் தெரிந்தது. தம் கண்ணெதிரே இறந்தவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற உண்மை அவரை உலுக்கியது. அதை அவர் மறைக்கவில்லை. வண்ண வரைபடமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார்.

நோய்வாய்ப்பட்டு, பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கிய நிலையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1857இல் அமைந்த அரச ஆணையத்தின் வழியாக, படைவீரர் குடியிருப்புகள் சீரமைப்பு, இராணுவ மருத்துவப் பள்ளி, நோய்ப் புள்ளிவிவரப் பிரிவு ஆகியவை உருவாயின. 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூடச் சென்றதில்லை. ஆயினும், அங்குள்ள படைமுகாம்களின் சுகாதாரத்தை ஆராய்ந்த ஆணையத்துக்கு உழைத்தார். அதன் பரிந்துரையால் 1864இல் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன.

1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90ஆவது வயதில் அவர் மறைந்தார்.

இன்றும் மருத்துவமனைகளில் துணி வெளுப்போர், சமைப்போர், கிடங்கு பார்ப்போர், கழிவு அகற்றுவோர் ஆகியோரிடையே நம்மவர்களும் இருக்கிறார்கள். தாதியர் தின வாழ்த்தில் அவர்கள் பெயர் வருவதில்லை. ஆனால், அவர்கள் வேலை நின்றால் என்னவாகும் என்பதை ஸ்கூட்டாரி மருத்துவமனை அன்றே காட்டிவிட்டது.