கட்டளையிடவும் தெரிந்தவர், காத்திருக்கவும் தெரிந்தவர்

பள்ளிக்கூட அதிபர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், கந்தோரிலே பிரதம லிகிதர், பங்குச் சபைத் தலைவர் என்று நம்மிற் பலர் நாலுபேரை வைத்து வேலை செய்விக்கும் பொறுப்பிலே இருக்கிறோம். இவர்களுள் சிலர் எதற்கும் கட்டளையிடுவர். தம்மைக் கேளாமல் ஒரு கதிரையும் நகரக்கூடாது என்பர். வேறு சிலர் எல்லாவற்றையும் பிறர் தலையிற் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பர். தாம் பழகிய வழி ஒன்றே சரியான வழி என்று இரு சாராரும் எண்ணுகின்றனர். ஆனால் ஒரே மனிதர் ஓரிடத்திற் கண்டிப்பாகவும், வேறோரிடத்திற் பணிவாகவும், இன்னோரிடத்தில் மௌனமாகவும் இருந்து பெருங்காரியம் சாதித்த வரலாறு நமது மண்ணிலேயே உண்டு. இலங்கையின் அப்போஸ்தலரான புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வே அது.

ஒழுங்கு வேண்டிய இடத்தில் ஒழுங்கு

யோசேவாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனவுலிம் ஊரிற் பிறந்து, 1676இற் குருவானார். 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டிலே மறைப்பணி புரிந்து கோவாவுக்குத் திரும்பினார். அக்காலத்திற் கோவாவின் துறவற சபைகள் சுதேசக் குருமாருக்குக் கதவு திறக்கவில்லை. ஆகவே சுதேசக் குருமார் சிலர் தாமாகவே ஒன்றுகூடிச் செபவாழ்வு வாழ்ந்துவந்தனர். 1685இல் வாஸ் அடிகளார் அவர்களோடு சேர்ந்தார். நல்ல மனம் நிறைந்த அக்குழுவுக்கு நிலையான ஒழுங்கு இருக்கவில்லை. தம்மைத் தலைவராகத் தெரிந்தெடுத்தபோது, புனித பிலிப்பு நேரியாரின் ஒரட்டோரியச் சபை விதிகளை அவர்களுக்கு அமைத்துக்கொடுத்தார். எந்த நேரத்திற் செபம், யாருக்கு என்ன பொறுப்பு என்பதெல்லாம் வரையறை பெற்றன. புதிதாய்த் தொடங்கும் கூட்டத்துக்குத் தெளிவான சட்டமே முதற்தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆயினும் அந்தத் தலைமைப் பதவியை அவர் பற்றிக்கொண்டிருக்கவில்லை. குருக்கள் இன்றித் தவிக்கும் இலங்கைக் கத்தோலிக்கரின் நினைவு அவரை வாட்டியது. ஓராண்டுக்குள்ளேயே, 1686இல், பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்.

சில்லாலையில் மறைந்திருந்த மேய்ப்பர்

1658இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இங்கே பகிரங்கத் திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. இந்த நிலையிற்றான் 1687இல் யோவான் என்னும் இளைஞனுடன் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். கடற்பயணத்திற் பட்டினி, கரையேறியபின் கொடிய வயிற்றுழைச்சல். சற்றுத் தேறியதும் கழுத்திலே செபமாலையுடன் வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே தம் மக்கள் யார் என்று அறிந்துகொண்டார்.

பின்னர் சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. பகலில் மறைவு, இரவிற் பணி. இன்று ஒரு வீட்டில் திருப்பலி என்றால் நாளை வேறொரு வீட்டில். எந்த இரவு எந்த வீடு என்பது காதோடு காதாகப் போய்ச் சேரும். இங்கே அவர் கையில் அதிகாரம் ஏதும் இருக்கவில்லை. கட்டளையிட்டு ஆளக்கூடிய காலமும் அதுவல்ல. ஒருவர் வாய் திறந்தாற் போதும், அவர் உயிர் போய்விடும். ஆகவே அவர் மக்களை நம்பினார்; மக்களும் அவரைத் தம் உயிரைப்போற் காத்தனர்.

1689இன் நத்தார் காலத்தில் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்குக் கூடியிருந்தோரைப் படைவீரர் வளைத்துக்கொண்டனர். பலர் பிடிபட்டுத் தண்டனை அடைந்தனர். அடிகளாரோ தப்பினார். தம்பொருட்டு மற்றவர் துன்புறுவது எந்த மேய்ப்பருக்கும் தாங்கவொண்ணாத பாரம். தாம் பிடிபட்டால் முழு இலங்கைக்கும் குருவே இல்லாமற் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். 1690இல் கண்டி அரசுக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்று அங்கே பணியைத் தொடர்ந்தார்.

குரு இல்லாவிடினும் சபை நிற்க வேண்டும் என்பதே யாழ்ப்பாணம் அவருக்குக் கற்பித்த பாடம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே குருவைக் காணும் ஊர்களிலே மூப்பரும் அண்ணாவியாரும் பொறுப்பேற்றனர். மூப்பர் ஆலயத்தையும் ஊர்க்காரியங்களையும் கவனித்தார். அண்ணாவியார் ஞாயிறு செபத்தை முன்னின்று நடத்திப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். இந்த ஒழுங்கு இன்றேல், துன்ப காலம் முழுவதும் நம் முன்னோரின் விசுவாசம் எப்படிப் பிழைத்திருக்கும்? பொறுப்பைப் பகிர்ந்தது அவருடைய பலவீனமன்று. சபையின் உயிரே அதிலிருந்தது.

சிறையிற் பொறுமை

1692இல் அவர் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றர் என்று கோள்மூட்டப்பட்டுச் சிறையில் இடப்பட்டார். அங்கே அவர் எவரையும் எதிர்த்து வழக்காடவில்லை. கிடைத்த காலத்திற் சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்ததும் ஓலைக்குடில் ஒன்றிற் பீடம் அமைத்தார். அரசர் இரண்டாம் விமலதர்மசூரியனின் மதிப்பு மெல்ல மெல்லக் கிடைத்தது. கொடிய வரட்சியின்போது நகரச் சதுக்கத்திற் பீடம் எழுப்பி அவர் செபிக்க மழை பெய்தது என்பது அவர் வரலாற்றிற் பெயர்பெற்ற நிகழ்ச்சி. அதன்பின் நடமாடச் சுதந்திரமும் போதிக்க அனுமதியும் பெற்றார். பலம் இல்லாத இடத்திற் பொறுமையே தலைமையாயிற்று.

ஆபத்து வேளையில் முன்னே

1697இற் கண்டியிற் பெரியம்மை பரவியது. அரசரும் பிரதானிகளும் தலைநகரைவிட்டு அகன்றனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் கூடக் காட்டிலே விட்டு மக்கள் ஓடினர். அப்போது சபை கூட்டி ஆலோசிக்க நேரம் இல்லை. அடிகளாரும் அவருடைய மருமகனான யோசே கார்வாலியோ அடிகளாரும் வெறுமையான வீடுகளை நோயாளர் இல்லங்களாக்கினர். உணவு கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. பிறரை அந்த வேலைக்கு ஏவுமுன் தாமே அதிற் கைவைத்தார். ஆபத்து வேளையிற் கட்டளை வேண்டும். ஆனால் கட்டளையிடுபவன் முதலில் தன் கையை நனைத்தாற்றான் அதற்கு வலு உண்டு.

தம்மிலும் வல்லவருக்கு வழிவிடல்

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்து சேர்ந்தனர். கொச்சி ஆயர் வாஸ் அடிகளாரை இலங்கையின் குருமுதல்வராக நியமித்தார். அவரும் நாட்டை எட்டுப் பணித்தளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். எல்லாவற்றையும் கண்டியிலிருந்து தாமே நடத்த முனையவில்லை. அவரவர் தளத்தில் அவரவர் தீர்மானிக்கட்டும் என்று விட்டார். ஆயினும் நடந்து போய்ப் பார்த்துவந்தார்.

1705இல் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் வந்தார். மொழியறிவிலும் எழுத்தாற்றலிலும் இவர் தம்மிலும் மேலானவர் என்பதை வாஸ் அடிகளார் கண்டுகொண்டார். பொறாமை கொள்ளாமல் அவரை மொழியாராய்ச்சிக்கும் நூலாக்கத்துக்கும் ஏற்படுத்தினார். சிங்களத்திலும் தமிழிலும் கத்தோலிக்க இலக்கியம் செழித்தது அந்த ஒரு முடிவின் பயனே. தம்மை ஆயராக்கும் யோசனை எழுந்தபோதும் அடிகளார் அதை ஏற்கவில்லை.

1711 சனவரி 16ஆம் நாள், தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், அவர் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப்பின் வந்த குருக்களும் மூப்பர்களும் அண்ணாவிமாரும் பணியைத் தொடர்ந்தனர். ஒரு தலைவரின் பணிக்கு இதைவிட நல்ல சாட்சி எது? 1995இல் கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 சனவரி 14இல் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் ஒரே முறையில் எல்லோரையும் நடத்தவில்லை. புதிய குழுவுக்குச் சட்டம் கொடுத்தார். அஞ்சி வாழ்ந்தோருக்கு நம்பிக்கை கொடுத்தார். பகையின் நடுவே பொறுத்திருந்தார். நோயின் நடுவே முன்னின்றார். வல்லவர் வந்தபோது வழிவிட்டார். முறைகள் மாறின, தாம் தலைவரல்ல, ஊழியர் என்ற எண்ணம் மாறவில்லை.

நமது வீட்டிலும் கந்தோரிலும் பங்கிலும் எங்கே கட்டளையிட வேண்டும், எங்கே கேட்டறிய வேண்டும், எங்கே விலகி நிற்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? நமக்குக் கீழே இருப்போர் நாம் இல்லாத நாளிலும் நிமிர்ந்து நிற்பார்களா? சில்லாலையிற் பிச்சைக்காரராய் நடந்த அப்புனிதரின் துணையை மன்றாடி, இக்கேள்வியை இன்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.