குடலுக்குள் சர்க்கரையை இழுக்கும் பம்ப்: யார் இந்த சுப்பாராவ்?

சோளிங்கர் மலைப்படி ஏறி இறங்கினதும் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறோம். கொஞ்ச நேரத்துல தெம்பு வந்துவிடுகிறது. குடலுக்குப் போன சர்க்கரை ரத்தத்துக்கு எப்படி வந்தது? அதற்குச் செலவாகும் சக்தியின் பெயர் ஏடிபி. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னையில் டாக்டருக்குப் படித்த எல்லாபிரகடா சுப்பாராவ்.

கதருக்குக் கிடைத்த தண்டனை

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்பிபிஎஸ்-க்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது.

அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற நோய் பலிகொண்டது. குடலின் உட்பரப்பு சிதைந்து, சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாமல் போகும் நோய் அது.

அமெரிக்கா போய் ஹார்வர்டில் சேர்ந்தார். 1929-ல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

சரி, சர்க்கரை எப்படி உள்ளே போகுது?

நாம் குடிக்கும் சர்க்கரை குடலில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என உடைகிறது. செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான சவ்வு. தண்ணீரில் கரையும் குளுக்கோஸால் அதைச் சுலபமாகத் தாண்ட முடியாது. அதற்குப் புரதத்தாலான ஒரு வாசல் தேவை. குடல் செல்லில் இருக்கும் முக்கியமான வாசல், 2 சோடியம் அயனிகள் கூட வந்தால்தான் 1 குளுக்கோஸை உள்ளே விடும்.

உள்ளே சேரும் சோடியத்தை ஒரு பம்ப் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் சர்க்கரை வரத்தும் நின்றுவிடும். அந்தப் பம்ப் ஓடுவது ஏடிபியில்!

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ்ஸில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருப்பது இதனால்தான். இரண்டும் ஜோடியாக உள்ளே போகும்போது தண்ணீரும் பின்தொடர்ந்து போகிறது.

அவர் பார்க்காத பலன்

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காததால், 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையிலான குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சீக்கிரமே அது ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு மருந்தானது.

1948-ல், 53 வயதில் சுப்பாராவ் இறந்துவிட்டார். சோடியம் பம்ப் பற்றி 1957-லும், சோடியம்-குளுக்கோஸ் ஜோடி பற்றி 1960-லும்தான் உலகுக்குத் தெரிந்தது.

1960-களின் தொடக்கத்தில், சோளிங்கரும் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் அதை ஆராய்ந்தார்கள். சுப்பாராவின் சகோதரர்கள் காலத்தில் இல்லாத ஃபோலிக் அமிலம், அப்போது மருத்துவர்கள் கையில் இருந்தது.