இடக்கையால் எழுந்த நாதம்

கச்சேரி மேடையில் பாடகரின் வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது எழுதாத சட்டம். மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கியிருக்க வேண்டும் என்பதே காரணம். 1908-இல் பிறந்த பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கோ இடக்கைப் பழக்கம். அவர் வாசிக்க வேண்டுமாயின் வயலின்காரர் இடம் மாற வேண்டும். சிலர் அதற்கு இசையவில்லை.

தந்தை பழனி முத்தையா பிள்ளை, கஞ்சிராவுக்கு மேடையில் இடம் தேடித் தந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். அத்தகைய மரபின் வாரிசு, இருக்கைச் சிக்கலால் வாய்ப்புகளை இழந்தார். கஞ்சிராவைக் கையிலேந்தி, தம்மினும் நான்கு வயது இளையவரான பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு அருகே அமர்ந்தார். அதிலும் பெரும்புகழ் ஈட்டினார் என்பது வேறு செய்தி.

செம்பை வைத்தியநாத பாகவதர்தான் துணிந்தார். வயலினை மறுபுறம் அமர்த்திப் பழனியாரை மிருதங்கத்துடன் மேடையேற்றினார்.

அதன்பின் ரசிகர்கள் வியந்தது தொப்பியை. கச்சேரிதோறும் ரவையைப் பிசைந்து அப்பிப் பதப்படுத்தும் அந்தப் பக்கம், பலரிடம் வலந்தலைக்குத் துணைநிற்பதோடு சரி. இவரிடம் அது கும்கியாய்க் குழைந்து பாட்டோடு சேர்ந்து பாடியது. புதுக்கோட்டை வழியின் கடுங்கணக்கு கைவசம் இருந்தும், கீர்த்தனையை நெருக்கி அவர் கணக்குப் போட்டதில்லை.

மணி ஐயரோடும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட நிலங்களை உள்ளடக்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் முருகபூபதியோடும் மும்மூர்த்திகளுள் ஒருவராக எண்ணப்பட்டார். 1962-இல், 54-ஆம் வயதில் மறைந்தார். மாணவர் திருச்சி சங்கரன் 1971-இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கனடிய மாணவர்களுக்கு அந்தச் சொற்கட்டுகளைக் கற்பிக்கத் தொடங்கினார்.