தியேட்டரில் ஹரிதாஸ்... சிறையில் பாகவதர்! ஒரு சூப்பர் ஸ்டாரின் வழக்கு நமக்குச் சொல்வது என்ன?

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' ரிலீஸ் ஆனது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. இதைப் பலரும் பெருமையாகச் சொல்வாங்க. ஆனா, இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவது தீபாவளிக்கும் படத்தின் ஹீரோ எங்கே இருந்தார் தெரியுமா? ஜெயிலில்!

அவர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர். தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார். நீங்க அவர் படம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். ஆனா, போலீஸ், கோர்ட், குற்றம், தண்டனை இதெல்லாம் எப்படி இயங்குது என்று புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர் பாகவதர். சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறினார். 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று வரிசையாக ஹிட். அவர் முடியை வளர்த்தால் ஊரே முடி வளர்த்தது. பாகவதர் கிராப் என்ற பேச்சு நம்ம தாத்தாக்கள் காலம் வரைக்கும் இருந்தது.

அதே காலத்தில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் 'சினிமா தூது', 'இந்து நேசன்' பத்திரிகைகளில் நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தைப் பற்றி எழுதிவந்தார். இன்றைய கிசுகிசு யூடியூப் சேனல்களுக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1944 நவம்பர் 8-ம் தேதி, சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார்.

சில வாரங்களில் பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள். இந்த மூன்று பேரும் கத்தியைத் தொட்டதாக போலீஸ் சொல்லவில்லை. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. குத்தாதவர் எப்படிக் கொலை வழக்கில் வருவார்? வரலாம். ஒரு குற்றத்தைச் செய்ய இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுத்தாலே அது சதி. ஆனா, அந்த முடிவு நடந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்கணும். லட்சுமிகாந்தன் மேல் பாகவதருக்குக் கோபம் இருந்தது என்பது மட்டும் போதாது. அப்படிப் பார்த்தால், அன்றைய சினிமா உலகத்தில் பாதிப் பேரை உள்ளே தள்ளியிருக்கணும். கோபம் வேறு, குற்றம் வேறு.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில், ஜூரிகள் முன்னிலையில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே அப்ரூவராக மாறி சாட்சி சொன்னார். அப்ரூவர் என்றால், கூட்டாளியே அரசுத் தரப்புக்குப் போவது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் சொல்லக்கூடியவர் என்பதால், அப்ரூவர் பேச்சை அப்படியே நம்பக் கூடாது, அதைத் தாங்கிப் பிடிக்க வேறு ஆதாரம் வேணும் என்பது கோர்ட்டுகள் கடைப்பிடிக்கும் வழக்கம்.

ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே 3-ம் தேதி ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜூரிகள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று காரணம் எழுதவேண்டியதில்லை. இன்றைக்கு ஜூரி முறை நம்ம கோர்ட்டுகளில் இல்லை. நீதிபதி ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதியாகணும்.

முதல் அப்பீல் தோற்றது. ஆனா, பாகவதர் தரப்பு விடவில்லை. இந்தியர்களுக்கு அன்றைக்குக் கடைசி கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அது, அப்பீலை மறுபடியும் விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. இந்த முறை வழக்கறிஞர் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் 25-ம் தேதி இருவரும் விடுதலை. தீர்ப்புக்கும் விடுதலைக்கும் நடுவே மட்டும் ஏறக்குறைய இரண்டு வருஷம் போயிருந்தது.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. பாகவதர் தான் நிரபராதி என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்கவேண்டியது அரசுத் தரப்பு. அது முடியலைன்னா, எதிரில் நிற்பவர் வீட்டுக்குப் போகலாம். குற்றவியல் சட்டத்தின் முதுகெலும்பே இதுதான். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய பிரிவு எண்கள் மாறின. இந்த விதி மாறவில்லை.

சட்டம் பாகவதருக்கு விடுதலையைத் திருப்பிக் கொடுத்தது. ரசிகர்களைத் திருப்பிக் கொடுக்க அதால் முடியவில்லை. 1948-ல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. அடுத்து வந்த 'அமரகவி', 'சியாமளா' படங்களும் பழைய வெற்றியைத் தரவில்லை. கலைவாணர் எழுந்து நின்றார், பாகவதரால் முடியவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னையில் இறந்தபோது அவருக்கு 50 வயசுகூட ஆகவில்லை. லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

சரி, லண்டன் வரைக்கும் வழக்கு நடத்த பாகவதரிடம் பணம் இருந்தது. பணம் இல்லாதவங்க கதி?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? கோமுகி அணையைத் தாண்டி ரோடு கல்வராயன் மலை ஏறும். அந்த மலை கிராமங்களிலிருந்து மரம் வெட்டும் கூலிக்குப் போன பலர், செம்மர வழக்குகளில் ஆந்திர சிறைகளில் கிடந்திருக்காங்க. மொழி தெரியாது, வக்கீல் வைக்கக் காசு கிடையாது, ஜாமீன் கொடுக்க ஆள் கிடையாது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்ற அதே விதி அவங்களுக்கும் உண்டு. ஆனா, அதை கோர்ட்டில் எழுந்து சொல்ல ஒரு வக்கீல் வேணுமே?

அதுக்கும் சட்டத்தில் வழி இருக்கு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணை மொபைலில் சேமித்து வைங்க. கச்சிராயபாளையம் ஸ்டேஷனில் உங்களுக்குத் தெரிந்த யாரையாவது உட்கார வைத்திருந்தால், முதலில் கேட்கவேண்டியது இரண்டு கேள்விகள்: எதுக்காகக் கைது? எப்போ கோர்ட்டுக்குக் கொண்டுபோவாங்க? காரணத்தைச் சொல்லியே ஆகணும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியே ஆகணும். அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கும் உரிமை இது.

இன்னொண்ணு, இது நம்ம எல்லாருக்குமானது. வாட்ஸ்அப்பில் கைது போட்டோ வந்ததும் குற்றவாளி சிக்கினான் என்று ஃபார்வர்டு பண்றோம். கோர்ட் தீர்ப்பு சொல்லும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர், அவ்வளவுதான். ஆறு பேர் நம்பினார்கள், மூன்று பேர் நம்பவில்லை என்ற நிலையில் ஒரு மனுஷனின் வாழ்க்கையே கவிழ்ந்தது. ஃபார்வர்டு பட்டனை அழுத்தும்போது நாமும் ஒரு ஜூரிதான்.